மூன்று அகராதிகளை ஒன்றாக்கப் போய்

போன கிழமை குகன் வீட்டுக்கு வந்திருந்தான். கந்தோரில் புதிதாக நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் சேர் என்று கேட்டான். கல்முனைப் பிரதான வீதியில் புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்த மொழிபெயர்ப்புக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் ஒரே கதிரையில் இருந்தவன் நான். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நிக்காஹ் பதிவு, பரீட்சைப் பெறுபேறு என்று தமிழில் வரும் கடதாசியை இங்கிலீஷில் ஆக்கிக் கொடுப்பதுதான் வேலை. நீங்கள் நாலு பேரும் இனிச் செய்யப்போவதும் அதுதான். என் கதிரையை இன்னும் மாற்றியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதன் இடப்பக்கக் கை ஆடும், கவனம்.

குகன் கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே ஒரு கொப்பியை எடுத்து, நான் செய்த கெட்டித்தனங்களை எழுத உட்கார்ந்தேன். ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துபோனது. திரும்ப வாசித்தால் அதில் அரைப் பக்கம் வேறு ஆட்கள் செய்தது. பிறகு, செய்த மடத்தனங்களை யோசித்துப் பார்த்தேன். அதற்கு அந்தக் கொப்பி காணாது. ஆகவே ஒன்றை மட்டும் எடுத்து முழுதாகச் சொல்கிறேன். இந்தக் கிழமை உங்கள் கணினிகளில் கந்தோரின் பொது அகராதியை ஏற்றித் தருவார்கள். அதைத் தொகுத்தவன் நான். தொகுக்கிறேன் என்று போய், கூட வேலை செய்த ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் மண் அள்ளிப் போடப் பார்த்தவனும் நான்தான்.

அந்த அகராதி ஏன் வேண்டியிருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். இங்கிலீஷில் மருதமுனை என்று தட்டினால் கணினி அதன் கீழே சிவப்பாக ஒரு கோடு இழுக்கும். சாய்ந்தமருது, நற்பிட்டிமுனை, வரிப்பத்தான்சேனை, எங்கள் பக்கத்து எந்த ஊர்ப் பெயருக்கும் இழுக்கும். என் பெயருக்கு இழுத்தது, என் வாப்பாவின் பெயருக்கும் இழுத்தது. கணினி வந்த புதிதில் அந்தக் கோடு அச்சிலும் வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு கிழமை முழுக்க, வந்த ஆட்களிடமெல்லாம் கொஞ்சம் சிவப்பு வரும், குறை நினைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். வயல் காணி உறுதியோடு வந்த ஒரு மனிசன், உறுதியில்தான் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று பயந்து, கடதாசியை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் திரும்பி வரவே இல்லை.

பிறகுதான் அதற்கொரு வழி இருப்பது தெரிந்தது. சொல்லின் மேல் வைத்து ஓர் அமத்து அமத்தினால் கணினி அதைத் தன் அகராதியில் போட்டுக்கொள்ளும். அதன் பிறகு அந்தச் சொல்லுக்குக் கோடு இழுக்காது. இதில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். ஒரு சொல்லுக்குக் கீழே கோடு இல்லையென்றால் அது சரியான சொல் என்று பொருளில்லை. எவனோ ஒருவன் என்றைக்கோ அதை அமத்தியிருக்கிறான், அவ்வளவுதான். அந்த எவனோ பெரும்பாலும் நான்.

அந்த நாளில் நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவன், வருகிறதில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்வேன். குகனுக்கு ஊர் திருக்கோவில். வெளிநாடு போகிறவர்களின் கடதாசி முழுக்க அவன் பொறுப்பு. ரிஸானாவுக்கு அக்கரைப்பற்று. காணி உறுதியும் பள்ளிக்கூடத்துக் கடதாசியும் அவளுக்கு. இந்தப் பங்கீட்டை மறந்துவிடாதீர்கள். என் துப்பறிதல் முழுக்க இதன் மேல்தான் நின்றது. எங்களுக்கு மேலே ஹாஜியார், கந்தோரின் முதலாளி. எனக்குத் தொழில் பழக்கியவரும் அவர்தான். என்னைவிட ஏழு வயது மூத்தவர். எனக்கு ஐம்பத்தெட்டு ஆன பிறகும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருடம் ஹாஜியார் அக்கரைப்பற்றில் ஒரு கிளை திறக்க இடம் எடுத்திருந்தார். அது யாருக்கு என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும், அது ரிஸானாவுக்குத்தான். அவளுடைய மகனுக்கு அப்போது இரண்டு வயது. அடிக்கடி மூச்சிழுப்பு வரும். பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டுக் காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் நின்று வந்து போவாள். கிளை கிடைத்தால் பகல் சாப்பாட்டுக்கே வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம். கிடைக்காவிட்டால் இனி எத்தனை நாளைக்கு இப்படி என்று அவளுடைய வீட்டில் கேட்கத் தொடங்கியிருந்தார்கள், வேலையை விட்டுவிடு என்றும் சொன்னார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

அகராதியை ஒன்றாக்கும் யோசனை குகனுடையது. ஒரே ஊர்ப் பெயரை மூன்று பேரும் மூன்று கணினியில் தனித்தனியாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம், எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி மூன்றிலும் ஏற்றினால் என்ன என்று கேட்டான். நல்ல யோசனை. நல்ல யோசனைகளில் எனக்கொரு வியாதி உண்டு. கேட்டு அரை மணித்தியாலத்தில் அது என்னுடையதாகிவிடும். அன்று பின்னேரமே ஹாஜியாரிடம் போய், கந்தோருக்கென்று ஓர் அகராதி தயாரிக்கலாம் என்று இருக்கிறேன் என்றேன். வீட்டிலும் போய்ச் சொன்னேன். ஏற்கனவே அகராதி பிடித்த மனிசன், இனி ஊர் தாங்குமா என்றாள் என் பெண்சாதி.

பென்டிரைவில் எடுத்து ஒன்றாக்கினால் பத்து நிமிட வேலை என்று குகன் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அகராதியென்றால் அதற்கு ஒரு பதிப்பாசிரியர் வேண்டாமா? யார் யார் என்னென்ன குப்பையைப் போட்டிருக்கிறார்களோ, எல்லாவற்றையும் பார்த்துக் கழித்துத்தான் சேர்க்க வேண்டும் என்றேன். ஒவ்வொரு கணினியிலும் இருந்த பட்டியலை தனித்தனியாக அச்செடுத்தேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, ஒரு பிளேன்டீயும் சிவப்புப் பேனையுமாகக் கதிரையில் சாய்ந்தால் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் எழும்ப மாட்டேன். பத்து நிமிட வேலை எனக்கு இரண்டு கிழமை பிடித்தது.

என்னுடைய பட்டியலைத்தான் முதலில் எடுத்தேன். எடுத்ததும் வேர்த்துவிட்டது. மூலவியாதிக்கு நான் குடித்த மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பக்கத்து வீட்டு வாய்க்காலைப் பற்றி யாருக்கும் தெரியாமல் நான் எழுதிப்போட்ட முறைப்பாட்டுக் கடிதங்களின் சொற்களும் இருந்தன. அவசர அவசரமாக வெட்டி எறிந்தேன். பட்டியல் என்பது ஒரு ஆளின் மடிக்குள் கை விடுகிற மாதிரி என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்ததுதான், என்னுடைய மடி வரைக்கும். அடுத்ததாகக் குகனுடையதை எடுத்துக் கூச்சமில்லாமல் வாசித்தேன். வளைகுடாக் கம்பனிகளின் பெயர்களுக்கு நடுவே, அவனுடைய அண்ணனின் மீன்பிடி வள்ளத்துக்கு வாங்கிய எஞ்சின் சாமான்களின் பெயர்கள். கந்தோர் நேரத்தில் வள்ள வேலையா என்று அடுத்த நாள் அவனைக் கேலி பண்ணினேன். அவன் சிரிக்கவில்லை.

கடைசியாக ரிஸானாவின் பட்டியல். ஒன்பது பக்கம். தொள்ளாயிரத்துச் சொச்சம் சொல். முதல் மூன்று பக்கமும் நான் எதிர்பார்த்ததுதான். வயல் கண்டங்களின் பெயர்கள், வாய்க்கால்களின் பெயர்கள், உறுதி எழுதிய ஆட்களின் பெயர்கள். நாலாம் பக்கத்தில் பேனை நின்றது. இகாமா என்று ஒரு சொல். வெளிநாட்டில் தங்கி வேலை செய்ய எடுக்கிற அனுமதி. கொஞ்சம் தள்ளி கஃபீல், அங்கே ஆளைப் பொறுப்பெடுக்கிற முதலாளி. அல் வக்ரா. உம் ஸலால். இரண்டும் கட்டாரில் இருக்கிற ஊர்கள். தோஹாவில் உள்ள ஏதோ ஒரு கட்டடக் கம்பனியின் பெயரும் இருந்தது.

வெளிநாட்டுக் கடதாசி முழுக்கக் குகனுடைய பொறுப்பு. காணி உறுதி தட்டுகிற பிள்ளையின் கணினியில் கட்டாருக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியைக் கேட்ட நிமிடம் எனக்குள்ளே ஒரு பொலிஸ்காரன் எழும்பி நின்றான். ஐந்து சொல்லுக்கும் வட்டம் போட்டேன். ஓரத்தில், "ரிஸானா கட்டார் போகிறாளா? ஹாஜியாருக்குச் சொல்ல வேண்டும்" என்று என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்.

ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் பிறகு எல்லாமே அதற்குச் சாட்சிதான் பிள்ளைகளே. அவள் படிக்கட்டில் நின்று ரகசியமாகப் போன் கதைக்கிறாள், சரி, ஏஜென்சிக்காரன். வியாழக்கிழமைகளில் நேரகாலத்தோடே போகிறாள், சரி, மெடிக்கல் எடுக்க. போன மாதம் இங்கிலீஷில் ஒரு வசனத்தைச் சரியா என்று என்னிடம் கேட்டாள், சரி, நேர்முகப் பரீட்சை. மொழிபெயர்ப்புக் கந்தோரில் இருக்கிற பிள்ளை இங்கிலீஷ் வசனம் கேட்காமல் வேறு என்ன கேட்கும் என்று ஒரு தரமாவது எனக்குத் தோன்றவில்லை. வெட்கம் கெட்ட மூளை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவில் புறம் பேசுவதைப் பற்றித்தான் பயான். நல்ல பயான். இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்குச் சமம் என்று மௌலவி சொன்னபோது நானும் தலையாட்டினேன். அது முடிந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஹாஜியாரோடு வீதியால் நடந்து வரும்போதுதான் சொன்னேன்.

"எனக்கென்னமோ, அந்தப் புள்ள கட்டாருக்குப் பறக்கப் போறாப்போல ஹாஜியார்."

அவள் சொன்னாளா என்று கேட்டார். சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. முப்பது வருடமாக என் கையெழுத்துப் போட்ட கடதாசியைத் திருப்பிப் பார்க்காமல் முத்திரை குத்தியவர் அவர். கிளையைப் பொறுப்பெடுத்து ஆறு மாதத்தில் ஒரு ஆள் போய்விட்டால் கந்தோர் என்ன ஆகும் என்று கவலைப்பட்டார். அதைத்தான் நானும் யோசிக்கிறேன் என்றேன். அந்த நிமிடம் நான் நிறுவனத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், நம்புங்கள்.

திங்கட்கிழமை ஹாஜியார் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். அக்கரைப்பற்றுக் கிளையை அடுத்த திங்கள் ஒரு துஆ ஓதித் திறக்கலாம், பொறுப்பு குகனுக்கு என்றார். குகன் என்னைப் பார்த்தான், ரிஸானாவைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். ரிஸானா சந்தோஷம் குகண்ணா என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனாள். அன்று பின்னேரம் வரைக்கும் அவளுடைய விசைப்பலகைச் சத்தம் நிற்கவே இல்லை. பகல் சாப்பாட்டைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோனாள். அதையும் நான் கவனித்தேன். விமானச் சீட்டு வந்துவிட்டது போல, அதுதான் சாப்பாடு இறங்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அவள் வேலையை விட்டு விலகுவதாகக் கடிதம் கொடுத்தாள். குடும்பக் காரணம் என்று மட்டும் எழுதியிருந்தாள். ஹாஜியார் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார்.

"நீ சொன்னது சரிதான் தம்பி. போறாவாம்."

இந்த இடத்தை நான் மறைத்திருக்கலாம். உங்களுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனாலும் சொல்கிறேன். எனக்கு அப்போது கவலை வரவில்லை, பெருமை வந்தது. ஆறு வருடம் பக்கத்து மேசையில் இருந்த பிள்ளை வேலையை விடுகிறது, எனக்கோ என் கணிப்புப் பலித்துவிட்டது என்று சந்தோஷம். போகிற வழியில் இனிப்புக்கு வட்டிலப்பம் வாங்கிக்கொண்டு போனேன். என்ன விசேஷம் என்று வீட்டில் கேட்டார்கள். ஒன்றுமில்லை, மனசு நல்லா இருக்கு என்றேன். யா அல்லாஹ், அந்த வட்டிலப்பத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கரிக்கிறது.

வியாழக்கிழமை அகராதி முடிந்தது. மூன்று கணினியிலும் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தரம் ஒப்பிட்டுப் பார் என்று, நான் திருத்திய தாள்களை அப்படியே குகனிடம் தூக்கிக் கொடுத்தேன். ஓரத்தில் எழுதியிருந்தது எனக்கு நினைவே இல்லை. அவன் பதிப்பாசிரியனின் உழைப்பைப் பார்க்கட்டும் என்ற எண்ணம் மட்டும்தான். ரிஸானா அன்றைக்கு ஒரு காணி வழக்குக்காகக் கோட்டுக்குப் போயிருந்தாள். பத்து மணி இருக்கும், நாலாம் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குகன் என் மேசைக்கு வந்தான்.

"சேர், இதில நுஸைர்தீன் எண்டு ஒரு பேர் இருக்கு. உங்கட மகன்ட பேர்தானே?"

ஓம் என்றேன். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் வேறு யாருக்கும் இல்லை, என் வாப்பா தேடி வைத்தது என்று விளக்கமும் கொடுத்தேன்.

"அப்ப அது ரிஸானாட மெஷினுக்குள்ள எப்பிடி வந்த?"

எப்படி வந்தது என்று சொல்கிறேன். அதற்கு இரண்டு வருடம் முந்தி ரிஸானா பிள்ளைப்பேற்று லீவில் போனபோது, மூலையில் இருந்த அவளுடைய கணினியில் நான்தான் வேலை செய்தேன். அதன் திரை சுவர்ப் பக்கம் பார்த்தபடி இருக்கும், யாருக்கும் தெரியாது. அந்த நேரம் என் மகன் நுஸைர்தீனுக்குக் கட்டாருக்குப் போகும் ஆசை வந்தது. நானோ கந்தோருக்கு வருகிற ஒவ்வொருவருக்கும், ஊரில் இல்லாத வேலையா, என் பிள்ளைகள் ஒருவனும் கடல் தாண்ட மாட்டான் என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தவன். அந்த வேலைக்கென்றே இருக்கிற குகனிடம் மகனின் விண்ணப்பத்தைக் கொடுக்க எனக்கு முகம் இல்லை. மூலையில் குந்தி நானே தட்டினேன். மகனின் பெயர், கம்பனியின் பெயர், அல் வக்ரா, உம் ஸலால், இகாமா, கஃபீல். சிவப்புக் கோடு வர வர, ஒவ்வொன்றாக அகராதியில் போடு என்று அமத்தியதும் நான்தான். மகனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. சம்மாந்துறையில் ஒரு ஹாட்வெயார் கடையில் சேர்ந்து நன்றாக இருக்கிறான். நான் விஷயத்தையே மறந்துபோனேன். வெட்கமான காரியங்களை மறப்பதில் எனக்குத் தனித் திறமை உண்டு.

அந்த நாலாம் பக்கத்தை நான் சிவப்புப் பேனையோடு சொல் சொல்லாக வாசித்தவன். என் சொந்த மகனின் பெயர் அதில் இருந்தது. கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தரம் கூப்பிடுகிற பெயர் எப்படிச் சந்தேகமாகத் தெரியும்?

குகன் ஓரத்துக் குறிப்பில் விரலை வைத்தான். இதைப் பார்த்துத்தான் ஹாஜியார் கிளையை எனக்குத் தந்தவரா என்று கேட்டான். நான் சிவப்புப் பேனையை எடுத்து மேசைக்குள் போட்டேன். அவன் சத்தம் போடவில்லை.

"நான் போய்ச் சொல்லலாம் சேர். சொன்னா, நான் வேணாமெண்டு விட்டதாத்தான் அது முடியும். அவக்கு ஏன் இல்லாமப் போனதெண்டு கடைசி வரைக்கும் தெரியாது. நீங்க சொல்லுங்க."

அன்றைக்கு நான் ஹாஜியாரின் அறைக்கு நாலு தரம் போனேன். முதல் தரம் கதவைத் திறந்ததும் என் வாயிலிருந்து வந்தது, பிரிண்டரில் டோனர் முடியப்போகிறது என்பதுதான். இரண்டாம் தரம், குகனுக்குத் திருக்கோவிலில் இருந்து அக்கரைப்பற்றுக்கு வந்து போவது கஷ்டம் என்றேன். இங்கே வருவதற்கே அவன் அக்கரைப்பற்றைத் தாண்டித்தானே வருகிறான், அவனுக்கு வழி பாதியாகக் குறையுமே என்றார். எனக்குப் பூகோளமும் கைகொடுக்கவில்லை. மூன்றாம் தரம், ரிஸானா போகாமலும் விடலாம் என்று இழுத்தேன்.

"கடிதம் தந்துட்டாவே தம்பி. நீதானே முதல்ல சொன்ன?"

நான் பிழை விட்டேன் என்று சொல்லாமல், நடந்த பிழையை மட்டும் திருத்திவிட ஏதாவது வழி இருக்கிறதா என்று அன்று முழுக்கத் தேடினேன். இல்லை. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன், நீங்கள் மினக்கெட வேண்டாம்.

நாலாம் தரம் போய், கதவைச் சாத்திவிட்டு, நாலாம் பக்கத்தை அவருடைய மேசையில் வைத்தேன். மகனின் பெயரிலிருந்து வட்டிலப்பம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.  முப்பது வருடமாகக் கவனமான மனிசன் என்று பெயர் எடுத்தவன், அது ஒரு தாளில் போகிறதே என்பதுதான் சொல்லும்போதும் மனதில் ஓடியது, வேறென்ன. ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஓரத்துக் குறிப்பை வாசித்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் தன்னைத்தான் ஏசினார். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பிள்ளை இருக்கும்போது, அவளிடம் கேட்காமல் நீ சொன்னதை நம்பினேனே, நானும் ஒரு மொக்கன்தான் என்றார். பிறகு, கடிதத்தை இன்னும் ஏற்கவில்லை, மேசைக்குள்தான் இருக்கிறது, குகனோடு நான் கதைக்கிறேன், ரிஸானாவிடம் நீ போய்ச் சொல் என்றார்.

அந்த நேரத்திலும் எனக்கு ஒரு சின்ன ஆசை. கிளை உனக்குத்தான் என்று மட்டும் சொன்னால் போதாதா, மற்றக் கதை எதற்கு என்று கேட்டேன்.

"ஏன் பறிச்ச எண்டு தெரியாம, இப்ப ஏன் தாறாங்க எண்டு அவ எப்பிடி நம்புவா? அத்தனையும் சொல்லு. எப்பிடித் தெரிஞ்ச எண்டத்தையும் சொல்லு."

கோட்டிலிருந்து அவள் நேரே பஸ் நிலையத்துக்குப் போயிருந்தாள். நானும் போனேன். ஐந்து மணிக் கூட்டம். அக்கரைப்பற்று பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சீமெந்து வாங்கில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு, தன் உம்மாவோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கிளினிக்குக்கு நான் வர முடியாமல் போய்விட்டது, பிள்ளைக்கு இழுப்புக்கு நெபுலைசர் பிடித்தீர்களா என்று அவள் சொல்வது எனக்குக் கேட்டது. படிக்கட்டில் நின்று அவள் கதைத்ததெல்லாம் இதுதான் என்று அப்போது விளங்கியது. வியாழக்கிழமை என்பது பிள்ளையின் கிளினிக் நாள் என்றும் விளங்கியது. இதெல்லாம் ஒரு ரகசியமும் இல்லை. கந்தோரில் குகனுக்குத் தெரிந்திருக்கிறது, கீழே புடைவைக் கடைக்காரருக்கும் தெரிந்திருக்கிறது.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களைக் காக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. அடுத்த திங்கள் அந்தக் கிளையைத் திறந்தவள் ரிஸானாதான். குகன் கல்முனையில் நின்றான், இப்போது உங்களுக்குப் பொறுப்பாக இருக்கிறான். ரிஸானா இன்றைக்கும் அக்கரைப்பற்றில் நடத்துகிறாள், என்னைவிட நன்றாக நடத்துகிறாள். பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. அதைக் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

ஆனால் அன்றைக்கு அந்த வாங்கில் எதுவும் முடிவாகியிருக்கவில்லை. பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அச்செடுத்தது, வட்டம் போட்டது, ஜும்ஆ முடிந்து வந்த வழியில் ஹாஜியாரிடம் சொன்னது, மகனின் பெயர் அகப்பட்டது. கிளை உனக்குத்தான் என்று ஹாஜியார் சொல்கிறார் என்பதையும் சொன்னேன். அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தரம், என்னுடைய கணினியில் எத்தனை சொல் இருந்தது சேர் என்றாள். தொள்ளாயிரத்துச் சொச்சம் என்றேன். எல்லாவற்றையும் வாசித்தீர்களா என்றாள். ஓம் என்றேன்.

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் அக்கரைப்பத்து, அக்கரைப்பத்து என்று கூப்பிட்டான். அவள் எழும்பிப் போய் ஒரு காலைப் படியில் வைத்தாள். பிறகு திரும்பினாள்.

"ஆறு வருஷமா உங்களுக்குப் பக்கத்துல இரிக்கன் சேர். தொள்ளாயிரம் சொல்ல ஒண்டொண்டா வாசிச்சிரிக்கீங்க. என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாமே."